பிரபஞ்சத்தின் அனாமத்துக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வயிறு நிறைய சாம்பார் சாதம், அப்பளம். ஃபேனுக்கு நேர் கீழே பாயை விரித்துக் கண்ணை மூடினேன். அக்கா பையன் வந்து நின்றான். ப்ளஸ் ஒன் படிக்கிறான். கையில் நோட்டு.

"மாமா, பிரபஞ்சம் விரிஞ்சுக்கிட்டே போகுதாம். விரியற வேகமும் கூடிக்கிட்டே போகுதாம். ஏன்?"

பி.காம். படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? தேய்மானம் பற்றிக் கேட்டிருந்தால் ஒரு மாதிரி சமாளித்திருப்பேன்.

"உங்கப்பாவைக் கேளேன்."

"கேட்டேன். உங்களைக் கேக்கச் சொன்னாரு. 'அவன்தான் பத்திரிகையில எழுதறானே, வேற என்ன வேலை அவனுக்கு'ன்னாரு."

அத்தானுக்கு என் மேல் எப்போதுமே அவ்வளவு மரியாதை.

விஷயம் இதுதான். ஸ்கூலில் அறிவியல் மன்றம். பையன் ஐந்து நிமிஷம் பேச வேண்டும். ஒண்ணரை நிமிஷத்துக்குத்தான் சரக்கு இருக்கிறது.

"பேசாம 'டார்க் எனர்ஜிதான் காரணம்'னு சொல்லிட்டு உக்காந்துடவா மாமா? கைதட்டிடுவாங்க."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படி ஒரு பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தவன்தான். அதைச் சொல்லாமல் பிரபஞ்சத்துக்குள் போக முடியாது. இரண்டே நிமிஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

* * *

காலேஜ் முடித்ததும் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட். என் பொறுப்பு சில்லறை ரொக்க ஏடு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கணக்கு உதைத்தது. ஏட்டின்படி கையிருப்பு 11,250 ரூபாய். பெட்டியில் இருந்தது 8,550. துண்டு விழுவது 2,700.

மூன்று தடவை எண்ணினேன். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு குண்டூசியும் தேங்காய் பர்ஃபி சுற்றிய காகிதமும்தான் விழுந்தன.

அப்புறம் சொன்னேன். "பணத்தை எடுத்துக்கிட்டு பேங்க்குக்குப் போறது யாரு? கோடவுன் பையன்தானே? வேற யாரு எடுத்திருக்க முடியும்?"

ஒரு வாக்கியம். மொத்தக் கணக்கும் நேராகிவிட்டது. முதலாளி, "சம்பளத்துல பிடிச்சுக்கிட்டு ஆளை அனுப்புங்க" என்றார். அந்தப் பையனுக்குப் பத்தொன்பது வயசு. என்னை அண்ணே என்று கூப்பிடுவான். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

எங்கள் தலைமைக் கணக்கர் வயசானவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "தம்பி, காரணம் தெரியாத தொகையை எதுல போடணும்னு காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா?"

"அனாமத்துக் கணக்குல சார்."

"அதுல போடு. பக்கத்துல யார் பேரையும் எழுதாதே. அனாமத்துன்னு எழுதினா 'எனக்குத் தெரியாது, தேடிக்கிட்டிருக்கேன்'னு அர்த்தம். அது மரியாதையான பதிவு. பேரை எழுதினா தேடறதை நிறுத்திட்டேன்னு அர்த்தம்."

சஸ்பென்ஸ் அக்கவுன்டுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை. அந்த 2,700 என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது பிரபஞ்சம்.

* * *

பைக் சாவியை மேலே எறியுங்கள். ஏறும், ஏற ஏற வேகம் குறையும், நிற்கும், விழும். பூமி இழுக்கிறது. இது நியூட்டனுக்கும் தெரியும், சாவியைத் தொலைத்தவர்களுக்கும் தெரியும்.

காலக்ஸிகள் நம்மை விட்டு விலகுகின்றன, தூரத்தில் இருப்பவை இன்னும் வேகமாக விலகுகின்றன என்று 1929-ல் எட்வின் ஹபிள் அளந்து காட்டினார். சரி, பிரபஞ்சம் விரிகிறது. ஆனால் அதற்குள் இருக்கிற அத்தனை பொருளும் ஒன்றையொன்று இழுக்கிறதே? அப்படியானால் விரியும் வேகம் நாளுக்கு நாள் குறைய வேண்டும். சாவிக்கு உள்ள நியாயம் காலக்ஸிக்கும் உண்டல்லவா? எவ்வளவு குறைகிறது என்பதுதான் கேள்வி. அதை அளக்கத்தான் 1990-களில் இரண்டு குழுக்கள் கிளம்பின. ஒன்றுக்கு அமெரிக்காவில் பெர்க்லி சோதனைச்சாலையின் சால் பெர்ல்மட்டர் தலைவர். இன்னொன்றுக்கு பிரையன் ஷ்மிட். அதில் ஆடம் ரீஸ் என்ற இளைஞர்தான் கணக்குப் பார்த்தவர்.

தூரத்தை எப்படி அளப்பது? தெருவில் எல்லா விளக்கும் நூறு வாட் என்று தெரிந்தால், மங்கலாகத் தெரிவது தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். வானத்திலும் அப்படி ஒரு விளக்கு வேண்டும். அதற்குப் பின்னால் நம்ம சென்னை இருக்கிறது. 1930-ல் பிரசிடென்சி காலேஜில் படித்து முடித்த பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினான். போகிற வழியில் எல்லோரும் கடலைப் பார்க்க, இவன் கணக்குப் போட்டான். வெள்ளைக் குள்ளன் என்கிற முதிர்ந்த நட்சத்திரம் ஒரு குறிப்பிட்ட எடைக்கு மேல் தாங்காது என்று விடை வந்தது. இன்றைய கணக்கில் அது சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. சுப்ரமணியன் சந்திரசேகர். 1983-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

பக்கத்து நட்சத்திரத்திலிருந்து பொருளை உறிஞ்சிக்கொண்டே போகும் வெள்ளைக் குள்ளன் அந்த எல்லையை நெருங்கும்போது வெடிக்கும். இது ஒரு வகை சூப்பர்நோவா. எல்லாம் ஏறக்குறைய ஒரே எடையில் வெடிப்பதால் வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்றுதான். கொஞ்சம் கூடக் குறைய இருப்பதையும் அது மங்கும் வேகத்தை வைத்துத் திருத்திக்கொள்ளலாம். வானத்து நூறு வாட் பல்பு ரெடி.

1998-ல் விடை வந்தது. தூரத்து சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன. அதாவது இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி, 10 முதல் 15 சதவீதம் கூடுதல் தூரத்தில். விரியும் வேகம் குறையவில்லை, கூடிக்கொண்டிருக்கிறது. மேலே எறிந்த சாவி கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

வழக்கமான சமன்பாட்டில் போட்டுப் பார்த்தபோது ரீஸுக்குப் பிரபஞ்சத்தின் நிறை மைனஸில் வந்ததாம். காமர்ஸ் படித்தவர்களுக்கு இந்த நடுக்கம் புரியும். ரொக்க ஏட்டில் இருப்பு மைனஸில் வரவே முடியாது. பெட்டியில் இல்லாத பணத்தை எப்படிச் செலவழிக்க முடியும்? வந்தால் எங்கோ தப்பு என்று பொருள். அவரும் தப்பைத் தேடினார். கிடைக்கவில்லை.

போட்டிக் குழுவும் தனியாகத் தேடிக்கொண்டிருந்தது. ஒருவரை ஒருவர் மடக்கக் காத்திருக்கும் இரண்டு ஆடிட்டர்கள் ஒரே கடையில் ஒரே துண்டைக் கண்டுபிடித்தால் என்ன செய்வது? நம்பித்தான் ஆக வேண்டும். 2011-ல் மூன்று பேருக்கும் நோபல்.

* * *

இங்கேதான் பெயர் வைக்கும் படலம். 1998-லேயே மைக்கேல் டர்னர் என்ற விஞ்ஞானி டார்க் எனர்ஜி, இருண்ட ஆற்றல் என்று பெயர் வைத்தார். அருமையான பெயர். சினிமா டைட்டில் மாதிரி.

இன்றைய கணக்கில் பிரபஞ்சம் மொத்தம் 100 ரூபாய் என்றால், இந்த இருண்ட ஆற்றல் தலைப்பில் சுமார் 68 ரூபாய். கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருள் என்ற இன்னொரு தலைப்பில் 27 ரூபாய். மிச்சம் 5 ரூபாயில்தான் சூரியன், சந்திரன், நான், நீங்கள், உங்கள் மேனேஜர், அவர் தராத இன்க்ரிமென்ட் எல்லாம். நூற்றுக்கு அறுபத்தெட்டு ரூபாயை அனாமத்தில் வைத்து எந்தக் கம்பெனியாவது பேலன்ஸ் ஷீட் காட்டினால் ஆடிட்டர் கையெழுத்துப் போடுவாரா?

ஆனால் ஒன்று கவனியுங்கள். விஞ்ஞானிகள் அதை மறைக்கவில்லை. அனாமத்து என்று தலைப்பில் எழுதி, தடித்த எழுத்தில் வைத்திருக்கிறார்கள். டார்க் என்ற சொல்லுக்கு இங்கே அதுதான் அர்த்தம். இனி தேட வேண்டியது காரணத்தை. எங்கள் பெரியவர், கணக்கு உதைத்தால் எங்கெங்கே பார்க்க வேண்டும் என்று ஒரு வரிசை வைத்திருந்தார். பிரபஞ்சத்துக்கும் அதே வரிசை பொருந்துகிறது என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. இதற்கு நோபல் கிடையாது.

முதலில், விட்டுப்போன நிரந்தரச் செலவு ஏதாவது இருக்கிறதா?

ஐன்ஸ்டைன் 1917-ல் தன் சமன்பாட்டில் ஒரு மாறிலியைச் சேர்த்தார். அன்றைக்குப் பிரபஞ்சம் அசையாமல் நிற்கிறது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். சமன்பாடோ சுருங்கு அல்லது விரி என்றது. டேலி ஆவதற்காக ஒரு பதிவு போட்டார். விரிவு நிஜம் என்று தெரிந்ததும் 1931-ல் அடித்துவிட்டார். அதைத் தன் ஆகப் பெரிய தவறு என்று அவர் தன்னிடம் சொன்னதாக ஜார்ஜ் காமோவ் பின்னாளில் எழுதினார். அறுபத்தேழு வருஷம் கழித்து அடித்த பதிவு திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்த விளக்கத்தின்படி வெற்று வெளிக்கே ஒரு நிரந்தர ஆற்றல் உண்டு. சதுர அடிக்கு இத்தனை ரூபாய் வாடகை மாதிரி. ஒரு கன மீட்டருக்கு மூன்று நாலு ஹைட்ரஜன் அணுவின் எடைக்கு ஈடான ஆற்றல், அவ்வளவுதான். ஆனால் வீடு பெரிதாகப் பெரிதாக மொத்த வாடகை ஏறுமே? பொருள் நீர்த்துப்போகும், இது நீர்க்காது. அதனால் பிரபஞ்சத்தின் 1,380 கோடி ஆண்டு வாழ்க்கையில் முதல் பாதியில் ஈர்ப்பின் கை ஓங்கியிருந்தது. சுமார் 500, 600 கோடி ஆண்டுகளுக்கு முன் இதன் கை ஓங்கியது. கணக்கு அழகாகப் பொருந்துகிறது. இன்றைக்கும் பெரும்பாலோர் இதை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள்.

ஒரே ஒரு சங்கடம். வெற்றிடத்தில் இவ்வளவு ஆற்றல் ஏன் இருக்கிறது என்று குவாண்டம் இயற்பியலைக் கேட்டால், அது ஒரு தொகை சொல்கிறது. அளந்த தொகையைவிட 1 போட்டு 120 சைபர் போட்ட மடங்கு அதிகம். நான் பார்த்த எந்த எஸ்டிமேட்டும், எங்கள் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் போட்ட எஸ்டிமேட் உட்பட, இப்படி எகிறியதில்லை.

இதற்கு ஸ்டீவன் வைன்பெர்க் 1987-லேயே ஒரு சமாதானம் சொல்லியிருந்தார். இந்த மாறிலி ரொம்பப் பெரிதாக இருந்தால் காலக்ஸியே உருவாகியிருக்காது, கேள்வி கேட்க நாமும் இருந்திருக்க மாட்டோம். பல பிரபஞ்சங்கள் இருந்து ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தொகை என்றால், நாம் வாழ முடிந்த வீட்டில்தானே வாழ்வோம்? சிலருக்கு இது விளக்கம், சிலருக்கு இது கை விரிப்பு.

இரண்டாவது, நிரந்தரம் என்று நினைத்தது மாறுகிற செலவோ?

வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்குச் சட்டென்று புரியும். ஃபிக்ஸட் ரேட்டா, ஃப்ளோட்டிங் ரேட்டா? இருண்ட ஆற்றல் வெளியெங்கும் பரவிய ஒரு புலம், காலப்போக்கில் அதன் பலம் மாறும் என்று 1988-லேயே பரத் ரத்ராவும் ஜேம்ஸ் பீபிள்ஸும் ஒரு பக்கம், கிறிஸ்டாஃப் வெட்டெரிக் இன்னொரு பக்கம் எழுதிவிட்டார்கள். துண்டு விழுவதற்குப் பத்து வருஷம் முன்னால்! பிறகு இதற்கு க்வின்டெசன்ஸ் என்று பெயர் வந்தது. பஞ்சபூதத்தில் ஐந்தாவது மாதிரி.

இதற்கு ரொம்ப நாள் ஆதரவு இல்லை. 2024-ல்தான் வேடிக்கை ஆரம்பித்தது. அமெரிக்காவில் அரிசோனாவின் கிட் பீக் மலையில் டெஸி என்று ஒரு கருவி. 5,000 குட்டி ரோபோக்கள் ஆளுக்கொரு கண்ணாடி இழையைப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு காலக்ஸியைக் குறி பார்க்கும். 2025 மார்ச்சில் சுமார் ஒண்ணரைக் கோடி காலக்ஸிகளையும் குவாசர்களையும் வைத்துக் கணக்குச் சொன்னார்கள். மற்ற அளவைகளோடு சேர்த்துப் பார்த்தால் இருண்ட ஆற்றல் சமீப காலத்தில் பலவீனமாகி வருவது போல் தெரிகிறது என்றார்கள். ஃப்ளோட்டிங் ரேட்!

'போல்' என்ற சொல்லை அடிக்கோடிடவும். இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று முத்திரை குத்த 5 சிக்மா உறுதி வேண்டும். இவர்களுக்கு வந்தது, எந்த சூப்பர்நோவாப் பட்டியலைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து 2.8-லிருந்து 4.2 வரை. பாஸ் மார்க்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டு நிற்கிற மாணவன்.

மூன்றாவது, கணக்குப் போடும் விதியே தப்போ?

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. யுரேனஸ் கிரகம் சொன்ன பாதையில் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத கிரகம் ஒன்று இழுக்கிறது என்று பிரான்ஸின் லெ வெரியே கணக்குப் போட்டார். 1846-ல் பெர்லினில் அவர் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே நெப்டியூன் அகப்பட்டது. விட்டுப்போன பதிவு கிடைத்துவிட்டது. பிறகு புதன் கிரகமும் துளி விலகுவதை அதே லெ வெரியே கண்டுபிடித்தார். அதே வைத்தியம்தான். இன்னொரு கிரகம் இருக்கும் என்றார். வல்கன் என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். அது கிடைக்கவேயில்லை. ஏனென்றால் இல்லை. நியூட்டனின் விதியைத்தான் திருத்த வேண்டியிருந்தது. 1915-ல் ஐன்ஸ்டைன் திருத்தினார்.

ஒரே மனிதர், ஒரே மாதிரி துண்டு. ஒரு தடவை பொருள் இருந்தது, ஒரு தடவை விதி தப்பு. அப்படியானால் இருண்ட ஆற்றல் நெப்டியூனா, வல்கனா?

வல்கன் கட்சிக்காரர்கள் ஐன்ஸ்டைனின் ஈர்ப்பு விதியையே பெரிய தூரங்களுக்கு மாற்றிப் பார்க்கிறார்கள். ஈர்ப்பு விசை வேறு ஒரு பரிமாணத்துக்குள் கசிகிறது என்று சொல்வோரும் உண்டு, மொட்டை மாடித் தொட்டி மாதிரி. இவர்களுக்கு 2017 ஆகஸ்ட் 17 அன்று பெரிய அடி விழுந்தது. இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதியதில் கிளம்பிய ஈர்ப்பு அலையும் காமா கதிரும் சுமார் 13 கோடி ஆண்டு பயணம் செய்து, இரண்டு நொடிக்கும் குறைவான இடைவெளியில் பூமிக்கு வந்து சேர்ந்தன. ஈர்ப்பு அலை ஒளியின் வேகத்தில் போகாது என்று சொன்ன மாற்று விதிகளெல்லாம் அன்றைக்கே குப்பைக் கூடைக்குப் போயின. சில மட்டும் தப்பிப் பிழைத்திருக்கின்றன.

நாலாவது, கிளைக் கணக்குகளைச் சேர்த்த விதம் தப்போ?

மதுரைக் கிளையும் சேலம் கிளையும் ஒரே மாதிரி வியாபாரம் செய்கின்றன என்று சராசரி போட்டால் என்ன ஆகும்? பிரபஞ்சம் எங்கும் ஒரே சீராக இல்லை. சில இடங்களில் காலக்ஸிக் கூட்டம், நடுவே பிரமாண்டமான வெறுமை. ஈர்ப்பு அதிகமான இடத்தில் கடிகாரம் மெதுவாக ஓடும் என்பது ஐன்ஸ்டைன் சொன்ன, நிரூபணமான விஷயம். நியூசிலாந்தின் டேவிட் வில்ட்ஷயர் இதைப் பிடித்துக்கொண்டார். அவர் மாதிரியின்படி, பெரிய வெறுமைகளின் நடுவில் உள்ள கடிகாரத்தைவிட நம் காலக்ஸிக் கடிகாரம் சுமார் 35 சதவீதம் மெதுவாக ஓடும். வெறுமைகளுக்கு வயசும் அதிகம், அங்கே விரிவும் அதிகம். மெதுவான கடிகாரத்தோடு பார்க்கிற நமக்கு எல்லாம் வேகமெடுப்பது போல் தெரிகிறது. இருண்ட ஆற்றலே வேண்டாம் என்கிறார். 2024 டிசம்பரில் அவர் குழு சூப்பர்நோவாத் தகவல்களைத் தங்கள் மாதிரியோடு பொருத்திக் காட்டியது. மற்ற அளவைகளோடும் பொருந்த வேண்டுமே என்று பெரும்பாலோர் காத்திருக்கிறார்கள்.

ஐந்தாவது, எழுதின கையே தப்போ?

பல்பு நிஜமாகவே நூறு வாட்தானா? நடுவில் தூசி மறைத்திருந்தால்? பழைய காலத்து சூப்பர்நோவாக்கள் இயல்பிலேயே மங்கலாக இருந்தால்? 1998-லேயே இரண்டு குழுக்களும் இதற்காகத் தலையை உடைத்துக்கொண்டார்கள். பிறகு, பிரபஞ்சத்தின் குழந்தைப் பருவத்து வெளிச்சமான நுண்ணலைப் பின்னணி, காலக்ஸிகள் பரவியிருக்கும் விதம் என்று வேறு ஏடுகளைப் புரட்டினார்கள். அவையும் ஏறக்குறைய அதே 68 ரூபாயைத்தான் காட்டின. ஆனாலும் கேள்வி சாகவில்லை. 2025 நவம்பரில் தென் கொரியாவின் யோன்சே பல்கலைக்கழகக் குழு ஒரு குண்டு போட்டது. இள வயசு நட்சத்திரங்களிலிருந்து வரும் சூப்பர்நோவாக்கள், திருத்தம் செய்த பிறகும் கொஞ்சம் மங்கலாகவே இருக்கின்றன, இதையும் கழித்துப் பார்த்தால் பிரபஞ்சம் இப்போதே வேகம் குறையத் தொடங்கியிருக்கலாம் என்றார்கள். இதை ஏற்காதவர்கள் அதிகம். ஆனால் யாரும் அவர்களை வாயை மூடு என்று சொல்லவில்லை. ஏட்டைக் கொண்டா, பார்க்கலாம் என்கிறார்கள்.

* * *

"இதெல்லாம் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. இ.எம்.ஐ. குறையாது.

ஆனால் கடைசி அத்தியாயம் இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. ஃபிக்ஸட் ரேட் என்றால், 10,000 கோடி ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் தூரத்துக் காலக்ஸிகள் ஒவ்வொன்றாகப் பார்வையை விட்டுப் போய்விடும். அப்போது யாராவது வானத்தைப் பார்த்தால் நம் காலக்ஸியும் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டவையும் மட்டும்தான் தெரியும். பிரபஞ்சம் விரிகிறது என்பதற்கான சாட்சியே இருக்காது. ரேட் ஏறிக்கொண்டே போனால் ஒரு நாள் காலக்ஸி, நட்சத்திரம், கடைசியில் அணுகூடக் கிழிந்து போகலாம். ரேட் இறங்கி எதிர்ப்பக்கம் திரும்பினால் விரிவு நின்று எல்லாம் திரும்பிச் சுருங்கலாம். மூன்று முடிவுகள். எது என்று எழுதுகிற அளவுக்கு இன்னும் தகவல் வரவில்லை. அதற்காக 2023-ல் ஐரோப்பியர்கள் யூக்ளிட் தொலைநோக்கியை விண்ணில் ஏற்றினார்கள். சிலி நாட்டு மலையில் வேரா ரூபின் ஆய்வுக்கூடம் 2025-ல் கண் திறந்தது. ஏடுகள் வந்துகொண்டிருக்கின்றன.

* * *

அந்த 2,700 ரூபாய்.

பெரியவர் மூன்று நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அந்தத் தொகையை ஒன்பதால வகு."

300. மீதியில்லாமல் வந்தது.

"துண்டு ஒன்பதால வகுபட்டா, முதல்ல இலக்கம் மாறியிருக்கான்னு பாக்கணும். வவுச்சரைக் கொண்டா."

உட்கார்ந்து புரட்டினோம். லாரி வாடகை வவுச்சர். கொடுத்தது 7,400. ஏட்டில் எழுதியிருந்தது 4,700. ஏழும் நாலும் இடம் மாறியிருந்தன. கையெழுத்து என்னுடையது.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. சிவப்பு மை பேனாவை நீட்டினார். திருத்தி எழுதினேன். அனாமத்துக் கணக்கு பூஜ்யமாயிற்று. முதலாளி, "அதான் சரியாப் போச்சுல்ல" என்று சொல்லிவிட்டு டிபன் சாப்பிடப் போனார். நான் கோடவுனுக்குப் போய் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்க" என்றான்.

மறுநாள் பேங்க்குக்குப் பணம் கொடுத்தேன். வழக்கமாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஓடுகிறவன், நின்றான். "எண்ணிப் பாத்துட்டுக் குடுங்க சார்" என்றான். அண்ணே போய் சார் வந்துவிட்டது. நான் அந்த வேலையை விடுகிற வரைக்கும் அது மாறவில்லை.

அதனால்தான் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்து அக்கா பையனுக்கு ஐந்து விளக்கத்தையும் எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை பேசிவிட்டு வந்தான்.

"எப்படிடா போச்சு?"

"நல்லாத்தான் போச்சு மாமா. கடைசியில ஃபிஸிக்ஸ் சார், 'இந்த அஞ்சுல எதுப்பா சரி'ன்னு கேட்டாரு."

"என்ன சொன்னே?"

"இப்போதைக்கு அனாமத்துல வெச்சிருக்கோம் சார்னேன். சிரிச்சிட்டாரு."

"பரிசு?"

"ரெண்டாவது. முதல் பரிசு, எல்லாக் கேள்விக்கும் டக்கு டக்குனு பதில் சொன்ன பையனுக்கு."

"அவன் எதைப் பத்திப் பேசினான்?"

"வேற்றுக் கிரகவாசிகள் பத்தி மாமா."